லுவார் பள்ளத்தாக்கு ஒயின்களும் திராட்சைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லுவார் ஒயின் என்று கேட்டால் கடைக்காரர் பத்து விதமான பாட்டில்களை எடுத்து வைக்கிறார். எல்லாம் ஒரே ஊர்ச் சரக்கா?

ஆறு ஒன்றுதான், ஊர்கள் வேறு வேறு. பிரான்ஸின் மிக நீளமான ஆறு லுவார். நீளம் சுமார் 1,000 கிலோமீட்டர். தென்கிழக்கில் ஆர்தேஷ் மலைப்பகுதியில் பிறந்து வடக்கே ஏறி, ஓர்லேயான் பக்கம் மேற்கே வளைந்து, நான்த் நகரைத் தாண்டி அட்லாண்டிக்கில் கலக்கிறது. பேர்பெற்ற ஒயின் ஊர்கள் அந்த வளைவுக்குச் சற்று முன்னால் தொடங்கிக் கடல் வரை பரவியிருக்கின்றன. கடலிலிருந்து உள்ளே போகப் போக நான்கு வட்டாரங்கள் வரும்: நான்த், ஆன்ஜு-சோமூர், தூரேன், நடு லுவார். நடு லுவாரில் இருக்கும் சான்செர் ஊருக்கு நான்த்தைவிட பர்கண்டி என்ற வேறொரு ஒயின் வட்டாரத்தின் ஷாப்லிதான் பக்கம். மண்ணும் குளிரும்கூட ஷாப்லியோடுதான் ஒத்துப்போகும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டென்றால் அது புளிப்பு. இந்தத் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் 47 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. கோடை அவ்வளவு கடுமையாக இராது. பழம் பழுத்து முடிப்பதற்குள் இலையுதிர் காலம் வந்துவிடும். சர்க்கரை ஏறும்போது புளிப்பு முழுதாக இறங்குவதில்லை. உலர்ந்த (அதாவது இனிப்பில்லாத) ஒயின், இனிப்பு ஒயின், நுரைக்கும் ஒயின் மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் நன்றாக வருவதற்குக் காரணம் இந்த மிச்சப் புளிப்புதான். கீழே வரும் பதில்களில் பாதி கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

லேபிளில் திராட்சையின் பெயரே இல்லையே. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரெஞ்சு வழக்கில் ஊர்ப் பெயர்தான் முதல் தகவல். ஏஓசி (சட்டப் பாதுகாப்புள்ள ஊர்ப் பெயர்) என்ற முறை எந்த ஊர்ப் பெயருக்கு எந்தத் திராட்சை என்று கட்டிவைத்திருக்கிறது. கீழே இருப்பதை மனத்தில் போட்டுக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

முஸ்கதே என்றால் மெலோன் திராட்சை. வூவ்ரே, மோன்லூயி, சாவெனியேர், கோத்தோ து லேயோன், கார் த ஷோம், போன்ஸோ எல்லாம் ஷெனின் ப்ளாங். வெள்ளை சான்செர், புயி-ஃப்யூமே, கான்சி ஆகியவை சோவினியோன் ப்ளாங். சிவப்பு சான்செர் பினோ நுவார். ஷினோன், பூர்கேய், சான்-நிகோலா-த-பூர்கேய், சோமூர்-ஷாம்பினி இவற்றின் சிவப்பு காபர்னே ஃப்ராங். கொஞ்சம் காபர்னே சோவினியோன் கலக்க அனுமதி உண்டு. ஷினோனில் வெள்ளையும் கொஞ்சம் வரும், அது ஷெனின்.

குழப்பம் தருவது 'ஆன்ஜு', 'தூரேன்' போன்ற அகலமான பெயர்கள். ஆன்ஜு வெள்ளையில் குறைந்தது 80% ஷெனின் இருக்க வேண்டும், மீதியில் ஷார்தொனேயோ சோவினியோனோ சேரலாம். தூரேன் சிவப்பில் காமே, கோ, காபர்னே ஃப்ராங் என்று பல இருக்கும். இங்கே பாட்டிலின் பின்பக்க லேபிளைப் படித்துத்தான் ஆக வேண்டும். 'வியேய் வீஞ்' (பழங்கொடிகள்) என்று போட்டிருந்தால் அதற்குச் சட்டப்படி வயது வரையறை கிடையாது. அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

முஸ்கதே என்பது மஸ்கட் திராட்சையில் செய்ததா?

இல்லை, பெயர்தான் அப்படி ஒலிக்கிறது. மஸ்கட்டின் பூவாசமும் இதில் இராது. திராட்சையின் முழுப்பெயர் மெலோன் த பூர்கோய்ன், பர்கண்டியிலிருந்து வந்தது. 1709 பனிக்காலத்தில் வந்த கொடுங்குளிர் நான்த் பக்கத்துக் கொடிகளைக் கூண்டோடு அழித்தது. குளிர் தாங்கும் மெலோன் அதற்குப் பிறகுதான் பெரிய அளவில் பரவியது. வடித்துச் சாராயம் காய்ச்ச வெள்ளை ஒயின் தேடிய டச்சு வியாபாரிகளும் அதை ஊக்கினார்கள்.

தானாகப் பார்த்தால் மெலோன் வாசனை குறைந்த, சற்றே உப்புக்கரிக்கும், மெலிந்த திராட்சை. அதற்குச் சதை பிடிக்க வைப்பது 'சுர் லீ' என்னும் முறை. 'வண்டலின் மேல்' என்று பொருள்.

'சுர் லீ' என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

நொதித்தல் முடிந்ததும் செத்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் மாவுபோலப் படியும். வழக்கமாக ஒயினை அதிலிருந்து வடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். இங்கே மாற்றாமல் ஒரு பனிக்காலம் முழுக்க அப்படியே விடுகிறார்கள். நான்த் வட்டாரத்தில் இதற்குத் தரைக்கடியில் கட்டிய, உள்ளே கண்ணாடி ஓடு பதித்த தொட்டிகள் வழக்கம். வெப்பம் ஏறி இறங்காது, மரவாசனையும் ஏறாது. அடுத்த ஆண்டு மார்ச் 1-க்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது. அடைக்கும்போதும் வண்டலிலிருந்து நேராக எடுத்துத்தான் அடைக்க வேண்டும்.

இதில் மூன்று காரியம் நடக்கிறது. ஈஸ்ட் செல்கள் உடைந்து புரதமும் சர்க்கரைப் பொருள்களும் கரைவதால் வாயில் வழவழப்பு வருகிறது. வண்டல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் புத்தம் புதிதாக நிற்கிறது. நொதித்தலில் உண்டான கார்பன் டையாக்சைடு கொஞ்சம் தங்கிவிடுவதால் நாக்கு நுனியில் ஒரு சுருக்கென்ற குத்தல் இருக்கும். அது கோளாறு இல்லை.

கோளாறு எங்கே வரும்? வண்டல் சுத்தமாக இருக்க வேண்டும். அழுகிய பழத்தோடு பிழிந்திருந்தாலோ சாற்றைச் சரியாகத் தெளிய வைக்காமல் நொதிக்க விட்டிருந்தாலோ, அந்தக் கனத்த கசடு மாதக்கணக்கில் அடியில் கிடந்து அவித்த முட்டை நாற்றத்தைக் கிளப்பும். ஈஸ்ட் வண்டல் வேறு, கசடு வேறு.

முஸ்கதேயை வாங்கியவுடன் குடித்துவிட வேண்டுமா?

சாதாரண பாட்டிலை இரண்டு மூன்று வருடத்துக்குள். ஆனால் லேபிளில் க்ளிசோன், கோர்ழ், ல பாலே என்ற கிராமப் பெயர்களில் ஒன்று இருந்தால் கதையே வேறு. 2011-இல் முதலில் அங்கீகாரம் பெற்ற மூன்று கிராமங்கள் இவை. பிறகு வேறு சிலவும் சேர்ந்தன. இங்கே ஒயின் ஒன்றரை, இரண்டு வருடம், அதற்கு மேலும்கூட வண்டல்மேல் கிடக்கும். க்ளிசோன் கருங்கல் நிலம், பழச்சுவை கூடுதல். கோர்ழ் காப்ரோ என்ற கருநிறப் பாறையின் மேல் படிந்த களிமண். ஒயின் இறுக்கமாக இருக்கும், மெதுவாகத்தான் விரியும். பத்து வருடம் நன்றாகத் தாங்கும் இந்த ஒயின்கள் தரத்துக்கு மலிவு. லுவாரில் காசுக்கு மிஞ்சிய சரக்கு எது என்று கேட்டால் எங்கள் கை முதலில் இவற்றைத்தான் காட்டும்.

ஷெனின் ப்ளாங் ஒரே திராட்சையாக இருந்து, ஒன்று வெட்டும் புளிப்பாகவும் இன்னொன்று தேனாகவும் வருவது எப்படி?

அறுவடை நாள்தான் காரணம். ஷெனின் வசந்தத்தில் சீக்கிரம் துளிர்க்கும், பழுப்பதோ தாமதம். ஒரே கொடியில், ஏன் ஒரே குலையிலேயே, பச்சையும் பழமும் அடுத்தடுத்து நிற்கும். புளிப்பு கடைசிவரை இறங்காது. அதனால் செப்டம்பரில் பறித்தால் நுரைக்கும் ஒயினுக்கு ஆகும். சில வாரம் கழித்துப் பறித்தால் உலர்ந்த ஒயின். அக்டோபர் தாண்டி நவம்பர் வரை விட்டால் இனிப்பு ஒயின். வூவ்ரேயில் ஒரே தோட்டக்காரர் ஒரே நிலத்திலிருந்து மூன்றையும் எடுப்பது சாதாரணம். எந்த வருடம் எதை அதிகம் எடுப்பது என்பதை வானம் முடிவு செய்யும்: குளிர்ந்த வருடத்தில் நுரை, வெயில் நீண்ட வருடத்தில் இனிப்பு. 1947, 1989, 1990, 1997 ஆகியவை இனிப்பு ஒயினுக்குப் பேர்போன வருடங்கள்.

நிலமும் பேசும். ஆன்ஜு பக்கம் கருத்த அடுக்குப் பாறை. சாவெனியேர் அங்கேதான் இருக்கிறது. உலர்ந்த, கசப்பு விளிம்பு உள்ள, இளமையில் முகம் கொடுக்காத ஒயின். அதற்குள் இருக்கும் கூலே த செரான் ஏறத்தாழ 7 ஹெக்டேர் மட்டுமே உள்ள தனித் தோட்டம். சிஸ்டெர்சியன் துறவிகள் 1130-இல் அங்கே கொடி நட்டார்கள்; இன்றும் அதற்கென்று தனி ஏஓசி உண்டு. சாவெனியேரைத் திறந்தவுடன் ஊற்றிக் குடித்துவிட்டு 'என்ன இது, ஊமையாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் நிறைய. ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

கிழக்கே சோமூர், தூரேனில் தூஃபோ எனப்படும் வெளுத்த, மெத்தென்ற சுண்ணாம்புக்கல். ஆற்றங்கரை அரண்மனைகளைக் கட்டியது இந்தக் கல்லை வெட்டி எடுத்துத்தான். வெட்டிய இடத்தில் உண்டான குகைகள் இன்று ஒயின் கிடங்குகள். வருடம் முழுக்க 12 டிகிரி அளவில் குளிர்ச்சியாக இருக்கும். இந்தக் கல்லில் விளைந்த ஷெனின் ஆன்ஜுவைவிட மென்மையாக, ஆப்பிள், தேன்மெழுகு வாசனையோடு வரும்.

பாட்டிலைப் பார்த்தே எவ்வளவு இனிப்பு என்று சொல்ல முடியுமா?

சொல் இருந்தால் முடியும். நுரைக்காத ஒயினில் லிட்டருக்கு மிஞ்சியிருக்கும் சர்க்கரை கணக்கு இது: 'செக்' என்றால் 4 கிராம் வரை, புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 வரை. 'டெமி-செக்' 12 வரை, அதே நிபந்தனையில் 18 வரை. 'மொவெலே' 45 வரை. அதற்கு மேல் 'தூ'. வூவ்ரேயில் 'செக்-தாந்த்ர்' என்ற சொல்லும் காதில் விழும். சட்டத்தில் இல்லாத பேச்சுவழக்கு அது. லேசான இனிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நுரைக்கும் ஒயினில் இதே சொற்களுக்கு வேறு அளவு, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நுரைக்கும் பாட்டிலில் 'செக்' என்றால் 17 முதல் 32 கிராம், நன்றாகவே இனிக்கும். 'டெமி-செக்' 32 முதல் 50. உலர்ந்தது வேண்டுமென்றால் 'ப்ரூட்' (12-க்குக் கீழ்) அல்லது 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' (6 வரை) கேட்க வேண்டும்.

இன்னொன்று. 15 கிராம் சர்க்கரை உள்ள வூவ்ரே டெமி-செக் நாக்கில் 15 கிராமாகத் தெரியாது. புளிப்பு அதை மறைத்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போடும் கணக்கேதான்.

அழுகிய திராட்சையில் இனிப்பு ஒயின் செய்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. அழுகலில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. லேயோன் என்பது லுவாரில் சேரும் சிற்றாறு. இலையுதிர் காலத்தில் காலையில் அங்கே மூடுபனி எழும், பிற்பகல் வெயிலும் காற்றும் வரும். மூடுபனியின் ஈரத்தில் போட்ரிடிஸ் என்ற பூஞ்சை பழத்தோலில் நுண்ணிய துளைகள் இடும். வெயிலில் அந்தத் துளை வழியே நீர் ஆவியாகிறது. பழம் சுருங்கி, ஊதாப் பழுப்பாகி, சாம்பல் மாவு பூசியதுபோல ஆகும். அழுத்தினால் சாறு தெறிக்காது, பாகுபோலக் கசியும். சர்க்கரையோடு புளிப்பும் செறிவதால்தான் திகட்டுவதில்லை. மூடுபனி வராத வருடங்களில் காற்றே பழத்தைக் கொடியில் உலர்த்திவிடும். அந்த ஒயினில் பூஞ்சை தரும் குங்குமப்பூ, மார்மலேட் வாசனை குறைவு, பழவாசனை கூடுதல்.

மழை விடாமல் பெய்தால் அதே பூஞ்சை சாம்பல் அழுகலாக மாறும். தோல் கிழிந்து, காடி வாசனை ஏறி, ஈக்கள் மொய்க்கும். அதனால்தான் பறிப்பவர்கள் ஒரே வரிசைக்கு மூன்று முதல் ஐந்து முறை வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆன பழத்தை மட்டும் கத்தரித்து எடுப்பார்கள். இதற்கு 'த்ரி' என்று பெயர். இயந்திரத்தால் முடியாத வேலை, விலை ஏறுவது இதனால்.

கார் த ஷோம் 2011-இல் லுவாரின் முதல் 'க்ராண் க்ரூ' (உச்சத் தரநிலை) ஆனது. விதிகள் கடுமை: ஹெக்டேருக்கு 20 ஹெக்டோலிட்டருக்கு (2,000 லிட்டர்) மேல் எடுக்கக் கூடாது, வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கக் கூடாது, ஒயினில் குறைந்தது 85 கிராம் இயற்கைச் சர்க்கரை மிஞ்ச வேண்டும்.

நொதித்தலை நிறுத்துவதுதான் நுட்பம். தொட்டியைக் குளிர்வித்து, கந்தக டையாக்சைடு சேர்த்து, நுண்வடிகட்டியில் ஈஸ்டை நீக்குவார்கள். கொஞ்சம் ஈஸ்ட் தப்பிவிட்டால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து, கார்க் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். இனிப்பு ஒயின் நுரைத்தால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

சான்செர், புயி-ஃப்யூமே இரண்டும் சோவினியோன் ப்ளாங்தானே. என்ன வித்தியாசம்?

ஆற்றின் இரு கரைகள். சான்செர் மேற்கே குன்றின்மேல். புயி கிழக்கே, தாழ்ந்த சரிவில். கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்துக் கரையைச் சரியாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. கரையைவிட மண் முக்கியம். சான்செரில் உள்ளூர்க்காரர்கள் மூன்று விதம் சொல்வார்கள். 'காயோத்' என்ற சுண்ணாம்புச் சரளை: இளமையிலேயே மணக்கும், சீக்கிரம் குடிக்கலாம். 'தேர் ப்ளான்ஷ்' என்ற வெள்ளைக் களிமண்: சிப்பி ஓடுகள் புதைந்த பழைய கடலடி மண், ஒயினுக்கு உடம்பு வரும், இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். 'சிலெக்ஸ்' என்ற சிக்கிமுக்கிக் கல்: கல்லோடு கல் உரசினால் வரும் வாசனை என்று வர்ணிப்பார்கள். அந்தக் கல்லில் உள்ள எதுவோ வேர் வழியே ஏறி ஒயினில் மணக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கல் வெப்பத்தையும் வடிகாலையும் மாற்றுகிறது. புகை வாசனை பெரும்பாலும் நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வேலை.

'புயி' என்று தொடங்கும் மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புயி-ஃப்யூமே சோவினியோன். புயி-சுர்-லுவார் அதே ஊர், ஆனால் திராட்சை ஷாஸ்லா; மெல்லிய, சீக்கிரம் குடிக்கும் ஒயின். புயி-ஃபுயிசே லுவாரே இல்லை, பர்கண்டியின் ஷார்தொனே.

விலை அதிகம் என்று தோன்றினால் பக்கத்து ஊர்களான மெனெத்து-சலோன், கான்சி, ரூயி பக்கம் பாருங்கள். கான்சி 1936-லேயே ஏஓசி வாங்கிய ஊர். பெயர் குறைவு, ஒயின் குறைவில்லை.

ஷினோன் சிவப்பில் குடைமிளகாய் வாசனை அடிக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. காபர்னே ஃப்ராங்கின் பிறவிக் குணம் அது. பைரசின் என்ற சேர்மம் குடைமிளகாயிலும் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினில் லிட்டருக்குப் பத்துப் பதினைந்து நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழம் பழுக்கப் பழுக்க, வெயில் பட்டால் இன்னும் வேகமாக, இது சிதையும். ஆகவே அந்த வாசனை தூக்கலாக இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று: அவசரப்பட்டுப் பறித்தது, கொடி இலை மண்டிப் பழம் நிழலில் கிடந்தது, அல்லது ஒரு கொடியில் அளவுக்கு மேல் குலை விட்டது. நல்ல தோட்டக்காரர் காலை வெயில் படும் பக்கத்தில் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுவார். மேற்குப் பக்கத்தைத் தொடமாட்டார், பிற்பகல் வெயிலில் பழம் வெந்துவிடும்.

பென்சில் சீவிய வாசனை, ராஸ்பெரி, கொஞ்சம் இலைப்பச்சை, இந்த அளவு இருப்பது அழகுதான். கொத்தமல்லிக்கட்டை முகர்ந்ததுபோல இருந்தால் பழுக்காத வருடம்.

ஊர்க்காரர்கள் இந்தத் திராட்சையை 'ப்ரெதோன்' என்பார்கள். காபர்னே சோவினியோன் என்ற புகழ்பெற்ற திராட்சைக்கு இதுவும் சோவினியோன் ப்ளாங்கும்தான் பெற்றோர். 1990-களில் கலிஃபோர்னியாவில் நடந்த மரபணு ஆய்வு அதை உறுதிசெய்தது.

ஷினோன், பூர்கேய், சோமூர்-ஷாம்பினி: எதை எப்போது வாங்குவது?

ஊரைவிட நிலத்தைப் பாருங்கள். ஆற்றோரச் சரளையில் விளைந்தது இலகு, ஓரிரு வருடத்தில் குடிக்கலாம். தூஃபோ சரிவில் விளைந்தது துவர்ப்பு கூடுதல், ஐந்து முதல் பதினைந்து வருடம் தாங்கும். சான்-நிகோலாவில் சரளை அதிகம், பூர்கேயில் சரிவும் நிறைய, ஷினோனில் இரண்டும் உண்டு. சோமூர்-ஷாம்பினி பெரும்பாலும் தூஃபோதான், ஆனாலும் மெத்தென்று வரும்.

க்ரேமான் த லுவார் என்ற நுரைக்கும் ஒயினை மலிவு ஷாம்பேன் என்று சொல்லலாமா?

செய்முறை அதேதான், திராட்சை வேறு. முதலில் சாதாரண ஒயின் செய்து பாட்டிலில் அடைத்து, லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடுவார்கள். 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும், ஆக ஆறு. ஈஸ்ட் படிவோடு குறைந்தது 9 மாதம் படுக்க வைத்து, பிறகு பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கவிழ்த்து, படிவைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். கழுத்தை உறையவைத்து மூடியைத் திறந்தால் பனிக்கட்டியோடு படிவு தெறித்து வெளியேறும். காலியான இடத்தில் கொஞ்சம் ஒயினும் சர்க்கரையும் ஊற்றி கார்க் அடிப்பார்கள். ஷாம்பேனுக்கு மொத்தம் 15 மாதம் கட்டாயம், இங்கே 12.

முதுகெலும்பு ஷெனின். சோவினியோன் ப்ளாங் சேர்க்க அனுமதி இல்லை. அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ரொட்டி வாசனை ஷாம்பேனைவிடக் குறைவு, ஆப்பிள் வாசனை கூடுதல். சோமூரில் இந்தத் தொழிலை 1811-இல் தொடங்கியது ஆக்கர்மான் நிறுவனம். அதே ஊரின் பூவே-லதுபே நிறுவனத்தை 2006 முதல் 2015 வரை பெங்களூரின் யுனைடெட் ப்ரூவரீஸ் குழுமம் வைத்திருந்தது என்பது நம் ஊர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது.

ஆன்ஜு ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) இனிக்கிறது, இன்னொரு ரோஸே இனிக்கவில்லை. ஏன்?

மூன்று தனித்தனி ஏஓசி. 'ரோஸே தான்ஜு' லேசான இனிப்பு, க்ரோலோ என்ற திராட்சை முக்கியம். 'காபர்னே தான்ஜு' குறைந்தது 10 கிராம் சர்க்கரை. 'ரோஸே த லுவார்' உலர்ந்தது. பெயரைப் பார்த்து வாங்கினால் போதும்.

ஏப்ரலில் தோட்டத்துக்கு நடுவே மெழுகுவர்த்தி ஏற்றும் படங்கள் வருகின்றனவே, அது சடங்கா?

பயிர் காப்பு. துளிர் விட்ட மொட்டு சுழியத்துக்குக் கீழ் ஒன்றிரண்டு டிகிரி போனாலே கருகிவிடும். மார்ச் சூடாக இருந்து மொட்டு சீக்கிரம் திறந்து, ஏப்ரலில் தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் வந்தால் ஆபத்து. 1991, 2016, 2017, 2021 ஏப்ரல் மாதங்களில் லுவார் பலமாக அடிவாங்கியது. சீக்கிரம் துளிர்க்கும் ஷெனினுக்குத்தான் முதல் அடி.

ஹெக்டேருக்கு 300, 400 பெரிய மெழுகு வாளிகள் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி ஏற்றலாம். காற்றாடிக் கோபுரம் மேலே நிற்கும் சூடான காற்றைக் கீழே இறக்கும். ஆனால் துருவத்திலிருந்து குளிர்காற்றே வீசிக்கொண்டு வந்தால் மேலேயும் சூடு இராது, கோபுரம் சும்மா சுழலும். தண்ணீர் தெளிப்பதுதான் பார்க்க விசித்திரம். மொட்டின்மேல் நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைச் சுழியத்தை ஒட்டியே வைத்திருக்கும். பனிக்கட்டி உருகி முடியும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் பம்பு நின்றால் ஆவியாதல் தொடங்கி, தெளிக்காத தோட்டத்தைவிட மோசமாகக் கருகும். செலவில்லாத தற்காப்பு ஒன்று உண்டு: தாழ்ந்த நிலத்தைக் கடைசியில், மார்ச்சில் கவாத்து செய்வது. துளிர் சில நாள் தள்ளிப்போகும். அந்தச் சில நாளில் தப்பிய தோட்டங்கள் நிறைய.

வேறெங்கும் கிடைக்காத திராட்சை ஏதாவது?

ரொமொராந்தான். 1519-இல் மன்னர் முதலாம் ஃப்ரான்சுவா பர்கண்டியிலிருந்து கொண்டுவந்தார் என்பது ஊர் வழக்கு. கூர்-ஷெவெர்னி என்ற சின்ன ஏஓசியில் மட்டும் தனித்து நிற்கிறது. இளமையில் பல் கூசும் புளிப்பு. ஐந்தாறு வருடத்தில் தேனும் மெழுகுமாக மாறும். சிவப்பில் பினோ தோனிஸ்: வெளிறிய நிறம், மிளகு வாசனை. பக்கத்து ஊர் ஷெவெர்னியில் ரொமொராந்தான் இல்லை, அங்கே சோவினியோனும் ஷார்தொனேயும் கலப்பு. 'கூர்' என்ற முன்னொட்டைக் கவனித்து வாங்குங்கள்.

கார்க்கில் கண்ணாடித்தூள் மாதிரி ஒட்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

டார்டாரிக் அமில உப்பு. குளிரில் படிகமாகும், தீங்கில்லை. ஷெனினில் அடிக்கடி வரும். மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கும்.

உண்மையான கோளாறுகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் நோய். எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது, திருப்பித் தரவேண்டியதுதான். அவித்த முட்டை, எரிந்த தீக்குச்சி வாசனை காற்றுப் போதாததால் வருவது. கிளாஸில் சுழற்றினால் பத்து நிமிடத்தில் போய்விடும். சிவப்பில் குதிரைக் கொட்டில் நாற்றம் என்றால் ப்ரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்ட். மூன்று வயது ஷெனின் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் கருத்த வாசனை அடித்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. இருபது வயது வூவ்ரே பொன்னிறமாக இருந்தால் அது முதுமை, கோளாறில்லை.

எந்தக் குளிர்ச்சியில் ஊற்றுவது?

நுரைக்கும் ஒயின் 6–8 டிகிரி, முஸ்கதே 8–10, சோவினியோன் 10, உலர்ந்த ஷெனின் 11–12, இனிப்பு ஷெனின் 9–10, காபர்னே ஃப்ராங் 14–16. 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்' என்ற பழைய வாக்கு கதகதப்பு வைக்காத பிரெஞ்சு வீட்டு அறைக்குச் சொன்னது. 32 டிகிரி அறையில் ஷினோனை வைத்துக் குடித்தால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்து எடுங்கள். வெள்ளையில் தவறு எதிர்ப்பக்கம்: சாவெனியேரை 5 டிகிரியில் ஊற்றினால் புளிப்பையும் கசப்பையும் தவிர எதுவும் தெரியாது.

எதனோடு சாப்பிடுவது?

உள்ளூர் ஜோடிகள் உறுதியானவை. முஸ்கதேயும் சிப்பியும். சான்செரும் ஷாவினியோல் கிராமத்து ஆட்டுப்பால் சீஸும். ஆற்று மீனும் வெண்ணெய்ப் புளிச் சாறும், கூட ஒரு சாவெனியேர். கொழுப்பில் வேகவைத்த பன்றி இறைச்சிக்குக் குளிர்ந்த பூர்கேய்.

காரமான சாப்பாடு என்றால் ஒரே விதி: மிளகாய்க் காரம் துவர்ப்பையும் சாராயச் சூட்டையும் ஊதிப் பெரிதாக்கும். ஆகவே சிவப்பை விட்டுவிட்டு வூவ்ரே டெமி-செக் எடுங்கள்.

இந்தியாவில் விற்கும் ஷெனின் ப்ளாங்கும் லுவார் ஷெனினும் ஒன்றா?

திராட்சை ஒன்றே. நாசிக்கில் 2000-இல் சுலா தன் முதல் ஒயின்களை வெளியிட்டபோது அதில் ஷெனினும் சோவினியோனும் இருந்தன. வெயிலிலும் புளிப்பை விடாத குணத்தால்தான் ஷெனின் அங்கே தேறியது. ஆனால் நாசிக்கில் கொடிக்குப் பனி உறக்கம் கிடையாது. வருடத்தில் இரண்டு முறை கவாத்து செய்து, மழை முடிந்தபின் காய்க்கவைத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். பழம் சீக்கிரம் பழுப்பதால் பழவாசனை முன்னுக்கு வரும், மெழுகு, கல் போன்ற பின்சுவை பின்தங்கும். இன்று உலகில் அதிக ஷெனின் இருப்பது லுவாரில்கூட இல்லை, தென்னாப்பிரிக்காவில்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் முஸ்கதே இரண்டு நாள், சோவினியோன் மூன்று, ஷினோன் மூன்று. உலர்ந்த ஷெனின் நான்கைந்து நாள் தாங்கும். சாவெனியேர் இரண்டாம் நாள்தான் நன்றாகவே இருக்கும். நுரைக்கும் ஒயினுக்கு இறுக்கும் மூடி இல்லாவிட்டால் மறுநாள் வரைதான், கரண்டியைக் கழுத்தில் தொங்கவிடுவதால் ஒரு பயனும் இல்லை. கோத்தோ து லேயோன் இரண்டு வாரம் வரை அசையாது.